காட்டுக்கு எது வசதி?

திருவொற்றியூரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் போய் இறங்கலாம். ராயபுரத்துக்காரர்கள் வண்ணாரப்பேட்டையில் ஏறிக்கொள்ளலாம். கப்பலும் கன்டெய்னர் லாரியும் பார்த்தே வளர்கிற நம் வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கிண்டி சிறுவர் பூங்கா நல்ல மாறுதல். செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை.

போய் வந்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு. "பின்னாடி அவ்வளவு பெரிய காடு இருக்கு. அதையும் திறந்துவிட்டு, ரோடு போட்டு, கேன்டீன் வைத்தால் என்ன?"

அவ்வளவு பெரிய காடெல்லாம் இல்லை. கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. ஒரு காலத்தில் ஆளுநர் மாளிகையைச் சேர்ந்திருந்த இந்தக் காடு 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. பெயரில்தான் பூங்கா. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, இதுபோன்ற இடங்களுக்குள் தேசிய வனவிலங்கு வாரியத்தின் அனுமதி இல்லாமல் ஹோட்டலோ வணிக விடுதியோ கட்ட முடியாது.

காட்டில் நல்லது என்று நினைத்துச் செய்வதுகூட வினையாகலாம். முறுக்கிய கொம்புள்ள வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். அங்கே மரம் நட்டு நிழல் பரப்பினால், மானின் வீட்டைப் பறித்ததாகிவிடும். பக்கத்து ஐ.ஐ.டி. வளாகத்தில் இறந்த மான்கள் சிலவற்றின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. கேன்டீனை உள்ளே கொண்டுபோனால் கவரும் கூடவே போகும்.

அப்படியானால் வசதியே கேட்கக் கூடாதா? தாராளமாகக் கேட்போம், ஆனால் காட்டின் ஓரத்தில். கிண்டியில் ஏற்பாடு அப்படித்தான். 2024-ல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட சிறுவர் பூங்காவும், பாம்புப் பண்ணையும் ஓரத்தில் மக்களுக்காக. பின்னால் இருக்கும் காடு மான்களுக்காக. இப்படிப்பட்ட ஓரங்களில் சுத்தமான கழிப்பறை, பாட்டிலில் பிடித்துக்கொள்ளக் குடிநீர், சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு அறை, தாத்தா பாட்டி உட்கார நிழலில் பெஞ்ச், தமிழில் விளக்கப் பலகை எல்லாம் இருக்க வேண்டும். இவை குறைந்தால் புகார் கொடுப்பதில் தப்பே இல்லை.

இந்தக் கணக்கு நமக்கு இன்னும் அவசியம். எண்ணூரைத் தாண்டினால் பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி; அதில் தமிழகப் பகுதி பறவைகள் சரணாலயம். குளிர்காலத்தில் பூநாரை வரும். அங்கேயும் கழிப்பறை, நிழற்குடை, ஏரியைக் கைரேகைபோல் அறிந்த மீனவர்களே வழிகாட்டிகள் என்று கரையோரத்தில் செய்ய எவ்வளவோ இருக்கிறது. தண்ணீரை ஒட்டி ரிசார்ட் மட்டும் வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகு, வலை, அலையாத்திச் செடி, கூழைக்கடா என எல்லாவற்றிலும் கறுப்பு அப்பியது. பறவைக்கும் மீனுக்கும் மீனவருக்கும் முதல் வசதி சுத்தமான தண்ணீர்தான். அது கெட்ட பிறகு கரையில் செல்ஃபி மேடை கட்டி என்ன பயன்?

இந்த விடுமுறையில் கிளம்பும்போது தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மானுக்கு பிஸ்கட் நீட்டாதீர்கள். முறுக்கு வாங்கிய கவர் உங்கள் பையிலேயே வீடு திரும்பட்டும்.