பிரயாணப் பெட்டி

நம் புதுவையினின்று பிரான்சு தேசஞ் செல்லும் மாணாக்கர் பெட்டி கட்டும் முறை திருந்தவேண்டுமென்பது எமது துணிபு. 1954 வரை நீடித்த பிரெஞ்சு ஆட்சியில் இவ்வூரார் பலர் உத்தியோகத்தின்பொருட்டுச் சைகோன் சென்றனர். அங்கும் வெப்பமே, ஈண்டு உடுத்த பருத்தியாடையே போதியதாயிற்று. பாரிசு நகரமோ அத்தகையதன்று. ஜனவரியில் அங்குச் சராசரி வெப்பம் ஏறக்குறைய 5 செல்சியஸ் பாகையே. இஃதறிந்தும், உற்றார் பட்டுவேட்டியையும் ஊறுகாய் ஜாடியையும் திணித்தபின் எஞ்சிய மூலையிலன்றோ கம்பளிக்கு இடங்கொடுக்கின்றனர்! தடித்த அங்கியொன்றை மட்டும் நம்பாது, மெல்லிய உடைகள் மூன்றை ஒன்றன்மேலொன்றாய் அணிதல் நன்று. இடையே தங்குங் காற்றே உடற்சூட்டைக் காக்கும். வியர்வையில் நனைந்த பருத்தி குளிரை மிகுவிக்குமாதலின், உட்சட்டையும் காலுறையும் கம்பளியாயிருத்தல் வேண்டும். சான்றிதழ்களும் மருந்தும் கைப்பையிலிருக்கட்டும். ஊறுகாயை யாம் விலக்கோம். அதன் மூடியை இறுகக் கட்டுக.