மார்க் ஏட்டைக் காட்டு!

ஸூபர்வைசர் போடும் மார்க்கைக் கொண்டே இன்கிரிமெண்டை நிர்ணயிப்போம் என்கிறார்கள் முதலாளிமார். அந்த மார்க்கின் லட்சணம் என்ன?

1920-ல் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளநூல் அறிஞர், ராணுவ மேலதிகாரிகள் தமக்குக் கீழுள்ளோருக்கு இட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடற்கட்டில் உயர்ந்த மார்க் பெற்றவருக்கே பெரும்பாலும் அறிவிலும், தலைமைத் திறனிலும், குணத்திலும் உயர்ந்த மார்க் விழுந்திருந்தது! நெய்த துணியை மீட்டரில் அளக்கலாம். 'ஒத்துழைப்பு' என்பதை எதைக் கொண்டு அளப்பது? சங்கச் சந்தா ரசீது வைத்திருப்பவருக்கு அதில் என்ன விழும் என்று நாம் சொல்லவா வேண்டும்?

அரசு ஊழியரின் ரகசிய ரிப்போர்ட்டில் எழுதப்படும் ஒவ்வொரு குறிப்பையும் அவருக்குத் தெரிவித்தாக வேண்டுமென்று 2008-ல் தேவ் தத் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் ஏன் இருட்டடிப்பு? ஏட்டைக் காட்டட்டும், அப்பீல் உரிமை தரட்டும், அப்பீல் கமிட்டியில் சங்கப் பிரதிநிதியும் அமரட்டும். இதற்கு இணங்காத ஒப்பந்தம் எதிலும் நமது சங்கங்கள் கையெழுத்திடக் கூடாது.