மூடிவைக்கப்படும் முடிவுகள்

பூநகரியில் கடும் சுகவீனமுற்ற ஒருவரைச் சங்குப்பிட்டிப் பாலம் கடந்து யாழ்ப்பாணத்துக்கோ, அன்றேல் கிளிநொச்சிக்கோ கொண்டு செல்வதே வழமை. அங்கே கடமையிலிருக்கும் மருத்துவரைத் தெரிவு செய்யும் வாய்ப்பு அவருக்கு இல்லை. மருத்துவரின் தகைமைக்கும் நடத்தைக்கும் அவருக்குள்ள ஒரே உத்தரவாதம் இலங்கை மருத்துவ சபையின் பதிவேடேயாகும். 1927 ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம், ஒழுக்கம் தவறியோரின் பெயரை அப்பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரத்தையும் வழங்கியுள்ளது. ஆயினும் ஒழுக்காற்று விசாரணைகளின் முடிவுகளைக் காரணங்களுடன் பொதுமக்களுக்கு வெளியிடுவது இங்கு நிலையான வழக்கமாகவில்லை.

சட்டத்தரணிகளின் நிலை வேறு. 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42 ஆம் பிரிவின் கீழ், தவறிழைத்த சட்டத்தரணியை இடைநிறுத்தவும் நீக்கவும் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு. அத்தீர்ப்புகள் பெயருடனும் காரணத்துடனும் வெளியாகின்றன. வழக்காளிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு நோயாளிக்கு ஏன் மறுக்கப்பட வேண்டும்?

காய்ச்சலுக்காக யாழ். போதனா வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட 8 வயதுச் சிறுமியின் இடது கை 2023 செப்டெம்பரில் மணிக்கட்டுடன் அகற்றப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், சத்திரசிகிச்சையின்போது இரு சிறுநீரகங்களும் அகற்றப்பட்டதாக முறையிடப்பட்ட முஸ்லிம் குழந்தை கொழும்பில் உயிரிழந்தது. இவற்றில் தவறு யாருடையது என்பதைத் தீர்மானிப்பது பத்திரிகையின் வேலையல்ல. ஆனால் தீர்மானிக்கப்படும் நாளில் அது பெற்றோருக்கு மட்டுமன்றி, நாளை அதே கட்டிலில் தம் பிள்ளையைக் கிடத்தப்போகும் ஏனையோருக்கும் தெரிய வேண்டும்.

பெயர்களை வெளியிடுவது மருத்துவர்களின் மானத்தைப் பறிக்கும் என்போர் குருநாகல் மருத்துவர் ஷாபியின் கதையை மீட்டுப் பார்ப்பது நலம். உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின், 2019 மே 23 இல் சிங்கள நாளேடொன்று ஆயிரக்கணக்கான தாய்மாருக்குக் கருத்தடை செய்த மருத்துவர் என்றொரு செய்தியைப் பரப்பியது. மறுநாளே ஷாபி கைதானார். ஜூலை 25 வரை விளக்கமறியலில் இருந்தார். குற்றச்சாட்டுக்குச் சான்றில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றில் தெரிவித்திருந்தது. 2022 இல் கிடைத்த சம்பள நிலுவையை அவர் மருந்து வாங்கச் சுகாதார அமைச்சிடமே கையளித்தார். முதற்செய்தியை நம்பியோரில் எத்தனை பேர் இதனை அறிந்திருப்பர்?

ஆகவே ஆபத்து, முடிவை வெளியிடுவதில் இல்லை. முறைப்பாட்டையே முடிவாக வெளியிடுவதில்தான் இருக்கிறது. விசாரணை முடியும்வரை பெயர் காக்கப்பட வேண்டும். குற்றம் நிரூபணமானால் காரணத்துடன் வெளியிட வேண்டும். குற்றமற்றவர் எனக் காணப்பட்டவர் விரும்பினால் அதனையும் அதே எழுத்தளவில் வெளியிட வேண்டும். பிரித்தானியாவில் ஒரு மருத்துவர் இடைநிறுத்தப்பட்டால் அது இணையப் பதிவேட்டிலேயே தெரிகிறது. ஆனால் மருத்துவரின் சொந்த நோய் பற்றிய விபரங்கள் அங்கும் வெளிவருவதில்லை. அது நியாயமானதே.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் தனிப்பட்ட விபரங்களுக்குப் பாதுகாப்பளித்தாலும், பொதுநலன் மேலோங்குமிடத்து அத்தடை விலகும் என்கிறது. அதற்காக நாச்சிக்குடாவிலுள்ள ஒரு தாய் விண்ணப்பம் எழுதிக் கொழும்புக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டுமா? மருத்துவ சபை தானாகவே வெளியிடட்டும். அதுவும் ஆங்கிலத்தில் மட்டுமன்றி, பூநகரி வைத்தியசாலையின் அறிவித்தற்பலகையில் ஒட்டினாலும் வாசிக்கக்கூடிய தமிழிலும் வெளியிடட்டும்.