பில்லில் வராத செலவு

லிவர் டிரான்ஸ்பிளான்ட்னு சொன்னதும் "எத்தனை லட்சம்?"னுதான் முதலில் கேட்போம். நானும் அப்படித்தான். ஆனா பில்லில் வராத செலவு ஒண்ணு இருக்கு.

நம் நாட்டில் பெரும்பாலும் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுப்பது உயிரோடு இருக்கும் சொந்தக்காரர்தான். அதாவது ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஆபரேஷன். கொடுத்தவருக்கு கல்லீரல் திரும்ப வளர்ந்துவிடும், சரி. அதுவரை யார் சம்பாதிப்பது? எங்க கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்கும், ஜீப் ஏறி குமுளி தாண்டி ஏலத்தோட்டத்துக்கும் போகிறவர்களை நினைச்சுப் பாருங்க. சில வாரம் வெயிட் தூக்கக் கூடாதுன்னா கூலியும் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆபரேஷனுக்கு உதவும். இந்தக் கூலிக்கு?

மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து கிடைத்தால் அந்த இரண்டாவது கட்டில் கிடையாது. ஆனா அரசின் காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறினாலும், உறுப்பு வருவதற்குள் நோய் முந்திக்கலாம். (வாழ்நாள் மாத்திரைச் செலவு ரெண்டுக்குமே உண்டு.)

2023 செப்டம்பரில் உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதைன்னு அறிவிச்சாங்க. முதல் மரியாதை நடந்தது நம்ம சின்னமனூரில், ஒரு வருவாய்த் துறை ஊழியருக்கு. இத்தனை பக்கத்தில் நடந்தும் நம்ம வீடுகளில் இதைப் பேசினோமா? நீங்க கார்டு வச்சிருந்தாலும் கடைசியில் கையெழுத்துப் போடுவது குடும்பம்தான்.

போன தீபாவளிக்கு நான் பேச்சை எடுத்தேன். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுடா இது"ன்னு அம்மா எழுந்து போயிட்டாங்க. பொங்கலுக்கு மறுபடி கேட்கப் போறேன்.