சீனத்து வேரும் நம் வீட்டு மனச்சுமையும்



சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், ஒரு பிள்ளையாவது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உத்தியோகம் பார்க்கின்றது. விடுமுறைக்கு வருங்கால் அப்பிள்ளை தைலப் புட்டியும் இனிப்பும் கொணர்வது பழைய வழக்கம். இப்பொழுது அவற்றோடு சீன மருந்துக் கடைப் பொட்டலமும் வரத் தொடங்கியிருக்கின்றது. "மனக்கவலை தீரும், உறக்கம் வரும்" என்று சொல்லித் தருகின்றனர். அத்தகைய பொட்டலம் ஒன்றினால் நாம் பட்ட பாட்டையும் கற்ற பாடத்தையும் இம்மாதம் எழுதத் துணிந்தோம்.

நாம் இரயில்வேயில் குமாஸ்தா. இரவுப் பணியும் பகற்பணியும் மாறி மாறி வரும். சென்ற ஆண்டு சில மாதங்கள் நமக்கு உறக்கமே பிடிக்கவில்லை. விடியற்காலை இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால், பிறகு கூரையைப் பார்த்துக் கொண்டு கிடப்பதுதான். இரத்தக் கொதிப்புக்கு முன்னரே மாத்திரை உண்டு வந்தோம். நண்பர் ஒருவரின் மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தவன், "மாமா, இதைக் கொதிக்க வைத்து இரவில் குடியுங்கள்" என்று ஒரு மூலிகைப் பொட்டலத்தை அன்போடு தந்தான். பச்சிலையும் வேரும் என்ன தீங்கு செய்துவிடும் என்று எண்ணி நாள்தோறும் பருகினோம். தீர்ந்தபின் மேலும் வரவழைத்தோம்.

இரண்டு மாதத்தில் கால்கள் வீங்கின. படியேறினால் தொடை தளர்ந்தது. அடங்கியிருந்த இரத்தக் கொதிப்பு மீண்டும் ஏறிற்று. திருப்பதியில் நாம் வழக்கமாகக் காணும் டாக்டர், "புதிதாக ஏதேனும் மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று வினவினார். "ஒன்றுமில்லை, ஐயா" என்றோம். பொய்யுரைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கஷாயத்தை நாம் மருந்தாகவே கருதவில்லை. அவர் விடாமல், "கஷாயம், இலேகியம், தேநீர், எதுவாயினும் சொல்லுங்கள்" என்று கேட்ட பிறகே உண்மை வெளிவந்தது. இரத்தத்தைச் சோதித்ததில் பொட்டாசியம் என்னும் உப்பு குறைந்திருந்தது. பொட்டலத்தின் மேலிருந்த பெயர்களை அப்பையன் தொலைபேசியில் படித்துச் சொல்ல, அவற்றுள் ஒன்று நம் அதிமதுரம் என்று தெரிந்தது.

அதிமதுரம் நம் பாட்டிமார் இருமலுக்குக் கொடுத்ததே அன்றோ? ஆம். ஓரிரு நாள் சிறிதளவு உண்பது வேறு. நாள்தோறும் மாதக்கணக்கில் பருகுவது வேறு. அதிலுள்ள கிளிசிரிசின் என்னும் பொருள், சிறுநீரகம் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றுமாறு செய்கின்றது. அதனால் நீர் கோத்து இரத்தக் கொதிப்பு உயர்கின்றது. அப்பொருள் நாளொன்றுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் வழக்கமாக உடலிற் சேர வேண்டாம் என்று ஐரோப்பிய அறிஞர் குழு அறிவுறுத்தியிருக்கின்றது. கஷாயத்தை நிறுத்திய சில வாரங்களில் நம் உடல் பழைய நிலைக்குத் திரும்பியது.

இதனாற் சீன வைத்தியத்தை இகழ வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சாங் சுங்சிங் என்னும் மருத்துவர், மனம் உழன்று உறக்கமின்றித் தவிப்போர்க்கு ஒரு கஷாயம் வகுத்தார். அதன் தலையாய சரக்கு ஒருவகை இலந்தையின் விதை. நம் சித்தூர்ப் பக்கத்துக் காடுமேடுகளிற் சிறுவர் பறித்துண்ணும் இலந்தைக்கு அது உறவு. அக்கஷாயத்திலும் அதிமதுரம் உண்டு. ஆயினும் சீன வைத்தியர் நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, ஆளுக்கேற்ப அளவு மாற்றிக் கொடுப்பதே அவர்தம் முறை. சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி அவ்வைத்தியர்கள் பதிவு பெற வேண்டும். அங்கே 1867இல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம், இனம் பாராது ஏழைகட்கு இலவசமாக வைத்தியம் செய்து புகழ் பெற்றது. மலேரியாவுக்குச் சீன மூலிகையிலிருந்து மருந்து கண்ட தூ யூயூ அம்மையார் 2015இல் நோபல் பரிசு பெற்றார். பிழை அந்த வைத்தியத்தில் இல்லை. வைத்தியரை விட்டுவிட்டுப் பொட்டலத்தை மட்டும் விமானத்தில் ஏற்றியதே பிழை.

நம் நாட்டு மூலிகையும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றது. சர்ப்பகந்தி வேரைச் சித்தப் பிரமைக்கு நம்மவர் நெடுங்காலமாக வழங்கி வந்தனர். 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அதன் பயனை எழுதினர். 1949இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் அது இரத்தக் கொதிப்பைத் தணிக்கும் என்று வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரிசர்ப்பின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தனர், உலகமே வியந்தது. பின்னரோ, அம்மருந்தை உண்டவர் சிலர் கடுஞ்சோர்வில் ஆழ்ந்தனர் என்னும் செய்தியும் வந்தது. வலிமையுள்ள மூலிகைக்கு இருபுறமும் கூர்மை உண்டு. இன்று பலரும் நாடும் அமுக்கராக் கிழங்கும் இதற்கு விலக்கன்று. அரிதாகச் சிலர்க்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவ ஏடுகள் கூறுகின்றன. கருவுற்ற மாதர் அதனைத் தவிர்த்தல் நன்று.

ஆகவே நம் இல்லங்களில் சில வழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டுகிறோம். எந்த டாக்டரிடம் சென்றாலும், உண்ணும் கஷாயத்தையும் சூரணத்தையும் மாத்திரையோடு சேர்த்துச் சொல்லுங்கள். கூடுமாயின் பொட்டலத்தையே எடுத்துச் செல்லுங்கள். உள்ளே என்ன இருக்கின்றது என்று படித்தறிய இயலாத எதனையும் உண்ணாதீர்கள். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் உண்போர் ஜின்செங் வேரைத் தாமாகத் தொட வேண்டாம். அது அம்மருந்தின் வேகத்தைக் குறைக்கக்கூடும். தூக்க மாத்திரையோடு தூக்கக் கஷாயத்தைக் கலக்க வேண்டாம். மூலிகையே வேண்டும் என்போர், திருப்பதியில் தேவஸ்தானத்தார் நடத்தும் ஸ்ரீ வெங்கடேசுவர ஆயுர்வேதக் கல்லூரியின் மருத்துவமனை போன்ற இடத்திற் கற்றறிந்த வைத்தியரைக் கண்டு கேட்கலாம்.

இறுதியாக ஒன்று. டாக்டர் நம்மை அனுப்புமுன், "உறக்கம் ஏன் போயிற்று?" என்று கேட்டார். தங்கையின் திருமணத்துக்கு வாங்கிய கடனின் தவணை இரண்டு தவறியிருந்தது. அதனை இல்லாளிடம் மறைத்து வைத்திருந்தோம். ஊரைவிட்டு வந்த இடத்தில் மானம் போய்விடுமே என்னும் அச்சம். அன்றிரவு அவளிடம் எல்லாவற்றையும் கூறினோம். அவள் சினந்தாள்; அழுதாள்; பிறகு தாளும் எழுதுகோலும் எடுத்துக் கணக்குப் போட்டாள். கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆயினும் சில நாளில் உறக்கம் வந்தது. விதை வேண்டியிருந்தது இலந்தையிலிருந்து அன்று. வாய் திறந்து பேசும் ஒரு சொல்லிலிருந்தே.

வீட்டிற் சொல்லக் கூடாத துயரென்றால், மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவியை நாடுங்கள். எண் 14416. கட்டணமில்லை; தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, உயிர் வாழ்வதில் வெறுப்புத் தோன்றினாலோ, ஒரு நாளும் தாமதியாது டாக்டரைக் காணுங்கள்.

அயலூரிலிருந்து பிள்ளைகள் அன்பாகக் கொணர்வதை மறுக்க வேண்டாம். அன்பைப் பெற்றுக்கொள்வோம், பொட்டலத்தை மட்டும் வைத்தியரிடம் காட்டிவிட்டுப் பிரிப்போம்.