மழைக்கு முன் விளக்கைக் காண்க

ஜூன் பிறக்குமுன் கூரைக்குத் தார்ப்பாய் தேடும் நாம், பிழைப்புக்குரிய வண்டியின் வெளி விளக்குகளை மறந்துவிடுகிறோம். செம்பூரில் ஆட்டோவும், மாட்டுங்காவில் டாக்சியும், தாராவியில் சரக்கு வண்டியும் ஓட்டும் நம் குடும்பங்கள் பல அல்லவா?

மும்பையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 2005 ஜூலை 26-இல் தொடங்கிய பெருமழையில் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பதிவாயிற்று. மழையோடு கடற்காற்றின் உப்பும் சேர்கிறது. உப்பு நீர் பித்தளையும் இரும்பும் கூடுமிடத்தில் தங்கினால், அவ்விடம் சிறு மின்கலம் போலாகி உலோகத்தை அரிக்கும். களிம்பேறிய ஹோல்டரில் மின்சாரம் தடைப்படும். விளக்கு மங்கும், பின்பு அணையும்.

ரயிலில் இரவு வேளையில் கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கைக் கண்டே வண்டி முழுமையாக வந்ததென ஸ்டேஷனார் அறிவார். அடைமழையில் பின்விளக்கற்ற ஆட்டோவைப் பின்னே வரும் லாரிக்காரர் எங்ஙனம் அறிவார்?

செய்ய வேண்டுவன எளியவை. முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றுக. பல்பை எடுத்து, ஹோல்டரின் களிம்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, வாஸ்லினை மிக மெல்லியதாகப் பூசுக. பல்பின் கண்ணாடியில் படலாகாது. வெடித்த ரப்பர் வளையத்தை மாற்றுக. விளக்கின் அடியில் நீர் வடியும் துளை இருப்பின் அதை அடைத்துவிடலாகாது. புதுப் பல்பும் மங்கி எரிந்தால் எர்த் கம்பியின் திருகைச் சுத்தம் செய்து இறுக்குக.

ஒரு ஞாயிறு காலைப் பொழுதே இதற்குப் போதும். மழைக்காலம் முடியும்வரை திங்களுக்கு ஒருமுறை விளக்குகளை ஏற்றிப் பார்த்தலும் நன்று.