தீ வைத்தவர் பெயர்

மயிலாப்பூரில் அக்கா வீட்டுக் கூடத்தில் அவள் மகன் பிஜிஎம்ஐ விளையாடிக்கொண்டிருந்தான். ஒரு வீட்டு ஜன்னல் வழியே பெட்ரோல் குண்டை எறிந்தான். உள்ளே இருந்தவன் எரிந்து சாய்ந்தான். திரையின் மூலையில் யார், யாரை, எதனால் கொன்றார் என்று ஒரு வரி ஓடியது. "சித்தி, பாருங்க, என் பேரு வந்துடுச்சு!" என்று துள்ளினான்.

"இந்த நெருப்பைப் பாத்துப் பாத்துதான் பசங்க கெட்டுப் போறாங்க" என்றாள் அக்கா. ஊரே சொல்வது இதைத்தான். எனக்கு உடன்பாடில்லை.

பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரிலும், ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியிலும் தடைசெய்யப்பட்டன. நாட்டின் பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். பெண்ணின் பாதுகாப்பு அந்தக் கணக்கில் வரவில்லை. வரவும் தேவையில்லை, இந்த நாட்டில் பெண்ணை எரிக்க யாரும் திரையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. சென்னை மாகாணத்தில் உடன்கட்டையைத் தடைசெய்தது 1830-இல். வரதட்சணைச் சாவுக்கென்று 304-பி பிரிவைத் தண்டனைச் சட்டத்தில் சேர்த்தது 1986-இல். அன்று எத்தனை வீட்டில் வீடியோ கேம் இருந்தது?

விளையாட்டு சொல்லும் பொய் வேறு. அதில் தீப்பட்டவன் மருந்துப் பெட்டியைத் திறந்தால் சில நொடிகளில் எழுந்து ஓடுகிறான். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் கிடக்கும் பெண்ணுக்கு அந்தப் பெட்டி இல்லை. தோலெடுத்து ஒட்ட வேண்டும். கழுத்துத் தழும்பு சுருங்கினால் மோவாய் நெஞ்சை நோக்கி இழுபடும். தழும்பு தடிக்காமலிருக்க இறுக்கமான அழுத்த உடையை நாளுக்கு 23 மணி நேரம், மாதக்கணக்கில் அணிய வேண்டும். சென்னை வெயிலில்.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்த விளையாட்டு நம் வீடுகளைவிட நேர்மையானது. எறிந்தவர் பெயரை அது மறைப்பதில்லை. நம் வீட்டில் முதலில் எரிவது அந்தப் பெயர்தான். "ஸ்டவ் வெடிச்சுது", "புடவையில பத்திக்கிச்சு" என்கிறோம். வாக்குமூலம் வாங்க வருபவரிடம் அவளும் அதையே சொல்லக்கூடும். கட்டிலருகே கணவனோ மாமியாரோ நிற்க, அவள் பிள்ளைகள் அந்த வீட்டில்தானே இருக்கிறார்கள்?

வீட்டுக்கு வெளியிலும் இதே கதை. 2017 நவம்பரில் ஆதம்பாக்கத்தில் ஓர் இளைஞன், தன்னோடு படித்த பெண்ணை அவள் வீட்டுக்கே போய்ப் பெட்ரோல் ஊற்றி எரித்தான். அவள் இறந்தாள். தாயும் தங்கையும் தீக்காயமடைந்தார்கள். செய்திகளில் அதற்குப் பெயர் 'ஒருதலைக் காதல்'. கொலைக்குக் காதல் என்று பெயர் வைத்தால், குற்றவாளி பாதி விடுதலையானவன்.

தமிழ் படிக்கும் மாணவிகளே, இலக்கண வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். 'தீப்பற்றியது', 'கருகினாள்', 'உடல் எரிந்தது' என்ற வாக்கியங்களில் செய்தவர் எங்கே? ஒவ்வொரு செய்தியிலும் அந்த எழுவாயைத் தேடுங்கள். இல்லையென்றால் பத்திரிகைக்கு எழுதிக் கேளுங்கள். பக்கத்து வீட்டில் 'விபத்து' என்றால், அடுப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன், அவளுக்குத் திருமணமாகி எத்தனை ஆண்டுகள் என்று கேளுங்கள். ஏழுக்குள் என்றால் சட்டமும் அதைத்தான் கேட்கும்.

அக்கா மகனின் கைப்பேசியை நான் பிடுங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நிஜத்தில் எரிந்த தோல் ஆற எவ்வளவு நாளாகும் என்று சொன்னேன். விளையாட்டை நிறுத்திவிட்டு, "அப்போ எரிச்சவங்க பேரு எங்க வரும் சித்தி?" என்று கேட்டான். அதற்கு அவன் அம்மாவும் நானும் பதில் சொல்லியாக வேண்டும்.